சிவப்பு லைற் தின்னுற கரண்ட்: கேள்வி பதில்

நான் கிளிநொச்சிப் பக்கம் வயறிங் வேலை செய்யிறன். பாவிக்காமல், சின்னச் சிவப்பு லைற் மட்டும் எரிஞ்சுகொண்டு கிடக்கேக்கையும் கரண்ட் இழுக்கிற சாமான்களைப் பற்றிக் கன பேர் கேட்டிருக்கிறீங்கள்.

பரந்தனிலிருந்து ஒரு அக்கா: ரீவியை ரிமோட்டால நிப்பாட்டினால் போதாதோ தம்பி?

போதாது அக்கா. ரிமோட்டை அமத்த ரீவி எழும்ப வேணுமெண்டால், உள்ளுக்க ஏதோ முழிச்சிருக்கத்தானே வேணும். ஆனா புது ரீவி அரை வாற் அளவுதான் தின்னும். கள்ளன் பக்கத்தில இருக்கிற டிஷ் பெட்டி. நிப்பாட்டின பிறகும் 10 வாற் இழுக்கிற பெட்டிகள் இருக்கு. 1 வாற் இரவு பகலா ஓடினால் மாதம் 0.72 யூனிற், 10 வாற்றுக்கு 7.2. சுவர் சுவிச்சை நிப்பாட்டுங்கோ.

முழங்காவில் தம்பி: எங்கட வீட்டில சும்மா எவ்வளவு போகுதெண்டு எப்பிடி அறியிறது அண்ணை?

மீற்றரே சொல்லும். லைற், பான், பிறிஜ் எல்லாத்தையும் நிப்பாட்டு. மிச்சத்தை இரவில இருக்கிற மாதிரியே விடு. மீற்றரில ஒரு சின்னச் சிவப்பு லைற் சிமிட்டும். யூனிற்றுக்கு எத்தினை சிமிட்டெண்டு பக்கத்திலயே அடிச்சிருக்கும். 1600 எண்டால், 2250ஐ ரெண்டு சிமிட்டுக்கு இடைப்பட்ட செக்கனால பிரி, வாற் வரும். 3200 எண்டால் 1125ஐப் பிரி.

போன கிழமை ஒரு வீட்டில 90 செக்கனுக்கு ஒருக்காச் சிமிட்டிச்சுது. 25 வாற், மாதம் 18 யூனிற்! ஒவ்வொரு பிளக்காக் கழட்டிப் பார்த்தம். பாட்டுக் கேக்காமல் கிடந்த சப்வூபரின்ர முதுகில கை வைச்சால் இளஞ்சூடு. அதையும் டிஷ் பெட்டியையும் கழட்டின பிறகு, அடுத்த சிமிட்டுக்கு எட்டு நிமிசம் காவல் நிண்டம்.

ஒட்டுசுட்டான் ஐயா: இந்தச் சில்லறைக்கு இவ்வளவு பாடோ?

மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் 60க்கும் கூடின விலை, நிலையான கட்டணமும் ஏறும். 58க்கும் 62க்கும் இடையில இருக்கிறது வெறும் நாலு யூனிற் இல்லை. சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்ட காலத்தில, ரேடியோவை நிப்பாட்டின பிறகும் ஆரும் பெடலை மிதிச்சுக்கொண்டிருக்கேல்லைத்தானே ஐயா.

புதுக்குடியிருப்புத் தங்கச்சி: போன் சார்ஜரைப் பிளக்கில விட்டதுக்கு அம்மா ஏசுறா.

நல்ல சார்ஜர் வெறுமையாக் கிடக்கேக்க 0.1 வாற் அளவுதான். வருசத்துக்கு ஒரு யூனிற்றும் வராது. அம்மாவை சப்வூபர் பக்கம் திருப்பி விடுங்கோ.

மாங்குளம் அண்ணை: பிறிஜ்ஜை இரவில நிப்பாட்டலாமோ?

வேண்டாம், சாப்பாடு பழுதாகும். அதுக்குப் பதிலா, குளிர் வெளியில போகுதோ எண்டு அறிய, கதவில ஒரு பேப்பரை வைச்சுப் பூட்டி இழுத்துப் பாருங்கோ. லேசா வந்தால் ரப்பரை மாத்துங்கோ.

அவரே: ஐப்பசி இடிக்கு சுவிச்சை நிப்பாட்டினால் காணுமோ?

காணாது. பிளக்கையும் கழட்டி, டிஷ் வயரையும் கழட்டுங்கோ, இடி முழங்கத் தொடங்க முதலே. எங்கட வீட்டுப் பெட்டி அந்த வயராலதான் போனது.