கொம்பியூட்டர் எழும்ப மறுத்தால்: கேள்வி பதில்

மல்லாவியிலிருந்து: அண்ணா, பழைய டெஸ்க்டொப். ஒரு மாதம் பிளக்கைக் கழற்றி வைத்திருந்தோம். இப்போது போட்டால் நீலத்திரை வந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸ் அடிக்க (புதிதாக நிறுவ) வேண்டுமா?

பொறுங்கள் தம்பி. முதலில் பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன் எழும்பும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய்த் தேதியைப் பாருங்கள். ஏதோ பழைய ஆண்டு நின்றால், மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர் 2032 பற்றரி செத்துவிட்டது. 3 வோல்ட் சாமான். அது போனால் பயோஸ் தன் அமைப்பை மறந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஈ ஆக மாறினால், சுகமாக இருக்கிற விண்டோஸும் இப்படித்தான் விழும். பற்றரியை மாற்றி, பழைய முறையைத் திருப்பி வையுங்கள்.

சரிவரவில்லையா? பிளக்கைக் கழற்றிவிட்டு ராமை எடுத்து, பொன்னிறக் கால்களை அழிறப்பரால் தேய்த்துப் போடுங்கள். கிரவல் ரோட்டுப் புழுதி எங்கே போகும், பெட்டிக்குள்தான்.

அப்புறமும் இல்லையென்றால் அடிக்கலாம். ஆனால் முதலில் படங்களை வெளியே எடுங்கள். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச ஓஎஸ் (இயங்குதளம்) லினக்ஸ் மின்ட். அதைப் பென்ட்ரைவில் ஏற்றி அதிலிருந்தே கொம்பியூட்டரைத் திறந்தால், இன்ஸ்டோல் பண்ணாமலே எல்லாவற்றையும் கொப்பி பண்ணலாம்.

விசுவமடு: 2 ஜிபி ராம். விண்டோஸ் 11 போடலாமா?

முடியாது. அதற்கு 4 ஜிபியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. லினக்ஸ் மின்டின் பாரம் குறைந்த வகையான எக்ஸ்எஃப்சிஈ போடுங்கள், 2 ஜிபியில் ஓடும். பிரவுசரில் பத்து ரப் திறந்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது. படங்களை எடுத்துவிட்டீர்கள்தானே?

முள்ளியவளை: எனக்கும் நீலத்திரை...

மல்லாவித் தம்பிக்கு எழுதியதை வாசியுங்கள்.

ஒட்டுசுட்டான்: நேற்று இடி விழுந்தது. விசிறியே சுற்றவில்லை. எந்த ஓஎஸ் நல்லது?

விசிறி சுற்றாததற்கு ஓஎஸ் என்ன செய்யும்? பவர் சப்ளையைச் சோதியுங்கள். இனி மழைக்கால மின்னலுக்குப் பிளக்கைக் கழற்றுங்கள்.

புதுக்குடியிருப்பு: தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். லினக்ஸ் போட்டால் என் பாமினி ஃபைல்கள் எல்லாம் போய்விடுமா?

நல்ல கேள்வி தங்கச்சி. போகாது. பாமினி பழைய தமிழ் ஃபொன்ட். அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குந்தியிருக்கின்றன. ஃபொன்ட் இல்லாத இடத்தில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், அவ்வளவுதான். விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் போட்டால் லிப்ரே ஒபிஸில் (வேர்ட் போன்ற இலவச மென்பொருள்) தமிழ் வரும்.

வவுனியா ஆசிரியர்: இன்னும் பாமினியா? தமிழ் எழுத்துக்குத் தனி இடம் தரும் யுனிகோடுக்கு மாறச் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு: சேர், பதினைந்து வருடம் பழகிய விரல். நீங்கள் வந்து தட்டித் தருவீர்களா?

மாங்குளம்: பாமினியில் தந்த கடிதம் போனில் குப்பையாகத்தான் தெரியும், தமிழில் தேடவும் முடியாது. சேர் சொல்வதுதான் சரி.

இரண்டு பக்கமும் சரி. புதியதை யுனிகோடில் தட்டுங்கள். பாமினி விசைப் பழக்கத்திலேயே யுனிகோட் தட்ட மென்பொருள் இருக்கிறது, விரல் மாறத் தேவையில்லை. பழையதை, பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியில் போட்டு, பிழை பார்த்து எடுங்கள். சண்டை போதும்.

பரந்தன்: போன் டிஸ்பிளே உடைந்து...

என் வேலை இல்லை.

கிளிநொச்சி: அண்ணை, மேலே வாசிக்க முதலே அடித்துவிட்டேன். கல்யாணப் படம் முழுக்க அதில்.

நிற்பாட்டுங்கள். அந்த டிஸ்க்கில் இனி ஒன்றும் எழுதக்கூடாது. கழற்றி வேறொரு கொம்பியூட்டரில் கொழுவி, அழிந்த ஃபைலை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை ஓடவிடுங்கள். கிடைப்பதை இன்னொரு டிஸ்க்கில் சேமியுங்கள். வந்தாலும் ஃபைல் பெயர்கள் வராது. ஒவ்வொன்றாகத் திறந்து, இது தாலிகட்டு, இது பந்தி என்று நீங்கள்தான் பிரிக்க வேண்டும்.