வியூஸ் வருகிறது, கமிஷன் வரவில்லை!

கேள்வி: இயர்பட்ஸ், பவர் பேங்க், சார்ஜர் என்று சின்னச் சின்ன மின்னணுப் பொருட்களைப் பற்றி ஷார்ட்ஸும் ரீல்ஸும் போட்டு வருகிறேன். எல்லாவற்றிலும் அஃபிலியேட் லிங்க் உண்டு, அதாவது அதன் வழியாக யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன் தரும் லிங்க். வியூஸ் ஓரளவு வருகிறது, கமிஷன்தான் வருவதில்லை. விளம்பரச் செலவே இல்லாமல் ரீச்சை, அதாவது வீடியோ போய்ச் சேரும் ஆட்களின் எண்ணிக்கையை, ஏற்றுவது எப்படி என்று ஒரு ஆன்லைன் கோர்ஸ் விற்கிறார்கள். கூடவே காசுக்கு ஃபாலோயர்ஸ் எண்ணிக்கையை ஏற்றித் தரும் பேக்கேஜும் சலுகை விலையில் உண்டாம். வாங்கலாமா?

பதில்: பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். கோர்ஸ் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் லிங்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். யூடியூப் ஷார்ட்ஸில் டிஸ்கிரிப்ஷனிலும் கமென்ட்டிலும் போடும் லிங்க் 2023 ஆகஸ்ட் 31 முதல் கிளிக் ஆவதில்லை. மோசடி லிங்க்குகள் பெருகியதால் யூடியூப் அந்த வசதியை எடுத்துவிட்டது. இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் ஒட்டும் முகவரியும் வெறும் எழுத்துதான். பொருளை வாங்கத் தயாராக இருப்பவர்கூட அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இன்ஸ்டாகிராமில் பயோவில், அதாவது உங்கள் பக்கத்தின் அறிமுகப் பகுதியில், 5 லிங்க் வரை வைக்கலாம், ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் ஒட்டலாம். யூடியூபில் அதே பொருளைப் பற்றி விரிவாக ஒரு நீண்ட வீடியோ போட்டு, ஷார்ட்ஸை அதோடு இணைத்துவிடுங்கள். நீண்ட வீடியோவின் டிஸ்கிரிப்ஷனில் லிங்க் வேலை செய்யும்.

அடுத்தது வியூஸ். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே அதை ஒரு வியூ என்று யூடியூப் எண்ணுகிறது. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் கணக்கில் வந்துவிடுவார். சில விநாடியாவது பார்த்தவரை மட்டும் எண்ணிய பழைய கணக்கு, 'எங்கேஜ்ட் வியூஸ்' என்ற பெயரில் யூடியூபின் புள்ளிவிவரப் பக்கமான அனலிட்டிக்ஸில் தனியாக இருக்கிறது. அதைப் பாருங்கள். மனசு கொஞ்சம் கஷ்டப்படும், ஆனால் நிலவரம் தெரியும்.

ரீச் விஷயத்துக்கு வருவோம். யாருக்கு எந்த வீடியோவைக் காட்டுவது என்ற தரவரிசையில் பெரிய பங்கு வகிப்பவை மூன்று என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை லைக், எத்தனை பேர் அதை இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். ஏற்கெனவே உங்களைப் பின்தொடர்கிறவர்களைச் சென்றடைய லைக் அதிகம் உதவும். முன்பின் தெரியாதவர்களைச் சென்றடைய, அனுப்புவதுதான் அதிகம் உதவும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை.

ஒரு பொருளைப் பற்றிய வீடியோவை யார் யாருக்கு அனுப்புவார்கள்? "அட்டகாசமான பவர் பேங்க், உடனே வாங்குங்கள்" என்பதை ஒருவரும் அனுப்ப மாட்டார்கள். "நீ வாங்கப் போறேன்னு சொன்னியே, இதைப் பார்த்துட்டு வாங்கு" என்று அனுப்பத் தோன்றுகிற மாதிரி எடுங்கள். உதாரணமாக, 10,000 எம்ஏஎச் (மின்கலம் எவ்வளவு சார்ஜ் சேமிக்கும் என்ற அளவு) என்று அட்டையில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டில் வெளியே வரும்போது அது கணக்குப்படியே 7,400தான், மாற்றும்போது வீணாவது போக இன்னும் குறையும். ஒரு நிமிடத்துக்குள் ஒரு போனை வைத்தே இதைக் காட்டிவிடலாம். இன்னொன்று: விமானத்தில் 100 வாட்-மணி (சேமித்த மின் ஆற்றலின் அளவு) வரையிலான பவர் பேங்க்கைத்தான் தனி அனுமதி இல்லாமல் கையோடு கொண்டுபோக விடுகிறார்கள். 30,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட் கணக்கில் 111 வாட்-மணி. இதைத் தெரியாமல் பெரிய பவர் பேங்க்கை வாங்கிப் பயணம் கிளம்புகிறவர் உங்கள் பார்வையாளருக்குத் தெரிந்த வட்டத்திலேயே ஒருவராவது இருப்பார். அவருக்குத்தான் அந்த வீடியோ போய்ச் சேரும். அவர் கையில் காசோடு இருப்பவர் என்பதையும் கவனியுங்கள். நடனமோ நகைச்சுவையோ இதைவிடப் பல மடங்கு வியூஸ் வாங்கித் தரலாம், ஆனால் அந்தக் கூட்டத்தில் சார்ஜர் வாங்க வந்தவர் இருக்க மாட்டார்.

பொருளின் குறையைச் சொன்னால் விற்பனை படுக்கும் என்று பயப்பட வேண்டாம். "கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த ஹெட்போன் காதை அழுத்தும்" என்று சொன்னால், கண்ணாடி போடாதவர் தயக்கமின்றி வாங்குவார். கண்ணாடிக்காரர் வாங்கித் திருப்பி அனுப்புவதும் இருக்காது. திருப்பிய பொருளுக்குக் கமிஷன் கிடைக்காது என்பது தெரியும்தானே.

பேக்கேஜ் ஏன் வேண்டாம்? ஃபாலோயர் எண்ணிக்கை தன் பரிந்துரையில் நேரடிக் காரணி அல்ல என்று டிக்டாக் 2020-லேயே சொல்லிவிட்டது. விலைக்கு வந்த கணக்குகள் வீடியோவைப் பார்ப்பதும் இல்லை, யாருக்கும் அனுப்புவதும் இல்லை. அமெரிக்காவில் 2024-ல் வந்த விதி, போலி ஃபாலோயர்ஸையும் வியூஸையும் தெரிந்தே வணிக நோக்கில் விற்பதோடு வாங்குவதையும் தடை செய்கிறது.

கோர்ஸ் விற்கிறவரிடம், எத்தனை கிளிக், எத்தனை ஆர்டர், ரிட்டர்ன் போக எவ்வளவு கமிஷன் என்று கேளுங்கள். வியூஸ் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். அந்தக் கோர்ஸையே மற்றவர்களுக்கு விற்றுக் கமிஷன் வாங்கச் சொன்னால், அவர்கள் தேடுவது மாணவரை அல்ல, விற்பனையாளரை.

கேள்வி: லிங்கைத் தட்டியவர் இரண்டு நாள் கழித்து வாங்கினால் கமிஷன் உண்டா?

பதில்: திட்டத்துக்குத் திட்டம் மாறும். அமேசானில் பொதுவாக 24 மணி நேரம்தான். அதற்குள் கார்ட்டில் போட்டுவிட்டால் 90 நாள் வரை அவகாசம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் 180 நாளுக்குள் 3 விற்பனையாவது காட்டவில்லை என்றால் கணக்கை மூடிவிடுவார்கள். உங்கள் லிங்கில் நீங்களே வாங்குவது கணக்கில் சேராது, அந்தக் குறுக்குவழியை யோசிக்க வேண்டாம்.

கேள்வி: அஃபிலியேட் லிங்க் என்று வீடியோவில் சொன்னால் ரீச் குறையாதா? பயோவில் மட்டும் போட்டால் போதாதா?

பதில்: போதாது. வீடியோவைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பயோ பக்கமே போவதில்லை. "இந்த லிங்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்" என்று வாயால் சொல்லி, திரையிலும் எழுதுங்கள், மூன்று விநாடி வேலை. அமேசான் போன்ற திட்டங்களில் இது சேரும்போதே ஒப்புக்கொள்ளும் நிபந்தனை. வாங்குபவர் பக்கம் நின்று சொல்கிறேன்: மறைத்தது பின்னால் தெரியவந்தால், நீங்கள் நேர்மையாகச் சொன்ன குறைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: ஒரே வீடியோவை எல்லாத் தளங்களிலும் போடலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் டிக்டாக் வாட்டர்மார்க்கோடு, அதாவது வீடியோ மேல் தெரியும் அதன் சின்னத்தோடு, இறக்கி ரீல்ஸில் ஏற்றாதீர்கள். அப்படிப்பட்டவற்றை இன்ஸ்டாகிராம் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. எடிட் செய்த மூலக் கோப்பைத் தனியே சேமித்து, அதையே ஒவ்வொரு தளத்திலும் ஏற்றுங்கள். பின்னணியில் பிரபலமான பாட்டைப் போடும் ஆசையையும் விடுங்கள். பொருள் விற்கும் வீடியோவுக்கு அதன் உரிமம் பொருந்தாது, சத்தத்தையே நிறுத்திவிடக்கூடும். வணிகப் பயன்பாட்டுக்கென்று தளங்கள் தரும் இசைத் தொகுப்பிலிருந்து எடுங்கள்.