தியான்ஜினில் திங்கட்கிழமை கப்பல் நின்றால் தடைசெய்யப்பட்ட நகரத்தைப் பார்க்க முடியுமா?

பெய்ஜிங்கில் உள்ள பழைய பேரரசர் அரண்மனையான தடைசெய்யப்பட்ட நகரத்துக்கு டிக்கெட் எடுக்கப் பார்த்தால், கப்பல் நிற்கும் தேதியைத் தேர்வு செய்ய முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தேதிக்கு டிக்கெட் கிடைக்காது. வேறு இணையதளத்தில் தேடியும் பயனில்லை. உங்கள் சுற்றுலாக் கப்பல் பெய்ஜிங்குக்கான துறைமுக நகரமான தியான்ஜினில் நிற்பது திங்கட்கிழமை. அரசு விடுமுறை நாட்கள் தவிர, திங்களன்று அந்த அரண்மனை மூடியிருக்கும். தேதியைத் தேர்வு செய்ய முடியாததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க, அதே பக்கத்தில் அதற்கு அடுத்த செவ்வாயைத் தட்டுங்கள். அதுவும் திறக்கவில்லை என்றால், முன்பதிவு இன்னும் தொடங்கியிருக்காது. ஏழு நாட்களுக்கு முன்புதான் தொடங்கும்.

பெய்ஜிங்கைக் கைவிட வேண்டியதில்லை. அரண்மனையின் வடக்கு வாசலுக்கு எதிரே ஜிங்ஷான் குன்று இருக்கிறது. அகழி தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியது. உச்சியில் நின்றால், 1406 முதல் 1420 வரை யோங்லே பேரரசர் கட்டிய அரண்மனையின் மஞ்சள் கூரைகள் வரிசை வரிசையாகத் தெரியும். நெரிசலில் முற்றம் முற்றமாக நடப்பதைவிட எனக்கு இதுவே பிடிக்கும். அரண்மனைக்குத் தெற்கே உள்ள தியானன்மென் சதுக்கத்துக்கும் போவதென்றால் அதற்குத் தனி முன்பதிவு தேவை, மறக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம்: துறைமுகத்திலிருந்து பெய்ஜிங் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஒரு வழிக்கே இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். தனிக் காரில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. மாலை ஆறுக்கே புறப்படும் கப்பல் என்றால், கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் செல்லுங்கள்.