தண்ணீர் ஏறினால் பணம் திரும்புமா? அட்வான்ஸ் கட்டும் முன் கேளுங்கள்

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் ஜூலையில் குடகுக்குப் போய், பாராபொளே ஆற்றில் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் வேகமான ஆற்றில் போவது) செய்யலாம் என்றிருக்கிறோம். ஓர் ஏஜென்சி தலைக்கு 1,200 ரூபாய் கேட்கிறது, இன்னொன்று 1,800. இரண்டு இடத்திலும் பாதிப் பணம் முன்பே கட்ட வேண்டும். விலை குறைத்துச் சொன்னவர், “எக்காரணம் கொண்டும் பணம் திரும்பக் கிடைக்காது” என்கிறார். எதில் புக் செய்யலாம்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அந்த ஒரு வரிக்காகவே 1,200 ரூபாய்க்காரரை நான் விட்டுவிடுவேன்.

நம்ம ஊர் ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்தால், எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் கனஅடிக் கணக்கு ஏறும். உடனே மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடும். குடும்பத்தோடு வந்தவர்கள் மீன் வறுவலைச் சாப்பிட்டுவிட்டு, முகம் வாடி பஸ் ஏறுவார்கள். அந்தத் தடை எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்பது ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

பாராபொளே மழையை நம்பிய ஆறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான் அதில் ராஃப்ட் ஓடும். ராத்திரி மலையில் கொட்டிய மழைக்குக் காலையில் ஆறே வேறு ஆறாகிவிடும். கரையில் நின்று அதைப் பார்க்கும்போது உங்களில் ஒருவருக்காவது வயிற்றைக் கலக்கும். பணம் திரும்பாது என்று தெரிந்தால் என்ன செய்வார்? “கட்டின காசு போகுதே” என்று ஏறிவிடுவார். “இன்று வேண்டாம்” என்று கைடே சொன்னால்கூட, “இவ்வளவு தூரம் வந்துட்டோம்” என்று நாமே அவரை நெருக்குவோம். அதனால் இரண்டை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். தண்ணீர் அதிகமாகி பயணம் நின்றால் முழுப் பணமோ வேறு தேதியோ தர வேண்டும். கரையில் விளக்கம் கேட்டபின் ஒருவர் பின்வாங்கினால் அவருக்கு எவ்வளவு திரும்பும் என்பதும் தெரிய வேண்டும்.

பிறகு போனில் விசாரியுங்கள். ஆற்றின் வேகத்தையும் சிக்கலையும் வைத்து ஒன்று முதல் ஆறு வரை கிரேடு சொல்வார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு மூன்றே தாராளம். ஆறு என்பது சுற்றுலாப் பயணிகளுக்கானதே அல்ல. “போன வாரம் கிரேடு என்ன? தண்ணீர் கூடினால் எவ்வளவு ஆகும்?” என்று கேளுங்கள். விழுந்தவரை மீட்க ராஃப்டோடு தனியாக ஒரு கயாக் (ஒருவர் துடுப்புப் போடும் சிறு படகு) வருமா? ஒவ்வொரு ராஃப்டிலும் முதலுதவியும் மீட்புப் பயிற்சியும் பெற்ற கைடு உண்டா? உரிமத்தின் நகலை அனுப்ப முடியுமா? நேராகப் பதில் சொல்கிறவரிடம் 600 ரூபாய் கூடக் கொடுக்கலாம். “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்று மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டால் போதும் என்கிறார்கள். நம்பலாமா?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

பதில்: உடம்போடு இறுகப் பிடிக்கும் ஜாக்கெட் என்றால் நம்பலாம். எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, பட்டைகளை இழுத்து இறுக்கிக்கொண்டு, ஜாக்கெட்டின் தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கும்படி தோழியிடம் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. ஒருமுறை எனக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் கொக்கி உடைந்து, அந்த இடத்தில் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. மாற்றித் தரக் கேட்டேன். பின்னால் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள், ஆனால் வேறு ஜாக்கெட் வந்தது. நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள் அம்மா. ஹெல்மெட்டும் தலையை ஆட்டினால் ஆடக் கூடாது.

தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள். எல்லாவற்றையும்விட இதைத்தான் அழுத்திச் சொல்வேன். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று காலை ஊன்றுவோம். பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் நீரோட்டம் உடம்பைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். நன்றாக நீந்துகிறவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். மல்லாந்து படுங்கள். கால் இரண்டும் ஆறு போகும் திசையில், விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியட்டும். பாறை வந்தால் காலால் உதைத்து விலகலாம். மீட்புக் கயிறு வீசினால் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். ராஃப்டுக்கு அடியில் மாட்டினால் உள்ளங்கைகளை மேலே வைத்துத் தள்ளியபடி ஒரே திசையில் நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம்.

இதையெல்லாம் கரையில் செய்துகாட்டாத கைடு என்றால், நீங்கள் ராஃப்டில் ஏற வேண்டாம்.

கேள்வி: தாண்டேலியில் ராஃப்டிங் போன என் தம்பிக்குத் தோள் எலும்பு முறிந்தது. கிழிந்த ஜாக்கெட்டைக் கொடுத்திருக்கிறார்கள், போட்டோ இருக்கிறது. “சொந்தப் பொறுப்பில் வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டீர்களே” என்று நிறுவனம் கையை விரிக்கிறது. இனி கர்நாடகாவுக்கு அலைய வேண்டுமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். சேவைக்குக் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் பேசிப் பார்க்கலாம்.

ஆற்றில் இயல்பாக உள்ள ஆபத்தை ஏற்கிறேன் என்றுதான் அந்தக் கையெழுத்துக்குப் பொருள். கிழிந்த ஜாக்கெட் ஆற்றின் ஆபத்து அல்ல. அது சேவைக் குறைபாடு. கையெழுத்தைக் காட்டிப் புகார் செய்யும் உரிமையைப் பறிக்க முடியாது.

மருத்துவக் காப்பீடு இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். சாகச விளையாட்டுக்குப் பணம் இல்லை என்று பாலிசியில் இருக்கும், ராஃப்டிங் என்ற பெயரும் இருக்கும். ஆனால் பொதுவான அந்த விதி, அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கானது. சுற்றுலாவாகப் போன உங்கள் தம்பியை அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டிய ரசீது, ஜிபே விவரம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, அந்தப் போட்டோ எல்லாவற்றையும் இன்றே ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். அன்று கூட வந்த நண்பர்களிடம், யார் எந்த ஜாக்கெட் போட்டிருந்தார்கள், கைடு என்ன சொன்னார் என்பதைத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழிந்தால் அவர்களுக்கே மறந்துவிடும்.