கோட்டைச் சுவர், பாலாற்று மணல், ஜவ்வாது வானம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் ஓவியம், புகைப்படம் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள்.

வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் உட்கார்ந்து வாட்டர்கலரில் மதிலை வரைகிறேன். வானத்துக்கு அடிக்கும் நீலம் பாதியிலேயே காய்ந்து பட்டை பட்டையாக நிற்கிறது. மதிலோ சாம்பல் பூசியதுபோல் களையில்லாமல் இருக்கிறது. ஏன்?
*– வாசகி, வேலப்பாடி*

முதலில் பட்டை. அரைகுறையாகக் காய்ந்த பரப்பின் மேல் ஈரத் தூரிகை பட்டால், புதிய தண்ணீர் பழைய நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிக் கோடாக நிறுத்திவிடும். வேலூர் வெயிலில் இது சில நிமிடங்களிலேயே நடந்துவிடும். தாள் மெலிதாக இருந்தால் ஈரத்தில் நெளிந்து, பள்ளங்களில் நிறம் தேங்கும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாள் வாங்குங்கள். விலை அதிகம்தான், ஆனாலும் மற்ற செலவைக் குறைத்துக்கொண்டு தாளுக்குக் கொடுங்கள். தாளின் இரண்டு பக்கத்தையும் ஸ்பாஞ்சால் நன்றாக நனைத்து அக்ரிலிக் பலகையின் மேல் படியவைத்தால், அடியில் உள்ள ஈரம் தாளை உடனே காயவிடாது. வானம் முடிக்க அந்த அவகாசம் போதும்.

நீலத்தைத் தேவை என்று தோன்றுவதைப்போல் இரண்டு மடங்கு கரைத்துக்கொள்ளுங்கள். பாதியில் நிறம் தீர்ந்து மறுபடி கலக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் பட்டை விழுகிறது. பலகையைச் சற்றே சாய்த்து, ஒரு அங்குலத் தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழே இறக்குங்கள். கீழ் விளிம்பில் நிறத்தண்ணீர் மணியாகத் திரண்டு நிற்க வேண்டும். அடுத்த இழுப்பு அதைத் தொட்டுத் தொடங்க வேண்டும். எங்காவது காய ஆரம்பித்துவிட்டால் கை வைக்காதீர்கள். முழுக்கக் காயவிட்டு, சுத்தத் தண்ணீரால் மறுபடி நனைத்து இரண்டாம் பூச்சு கொடுங்கள். 100 மில்லி தண்ணீரில் நான்கைந்து சொட்டு கிளிசரின் விட்டால் காய்வது தாமதமாகும். அதற்கு மேல் விட்டால் படம் பிசுபிசுப்பாகவே நிற்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

நிழலில் உட்காருங்கள். வெயில் விழும் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசச் செய்வதால், எந்த நிறமும் வெளிறித் தெரியும். ஈடுகட்ட அடர்த்தியாகப் பூசிவிடுவீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் படமே இருண்டு கிடக்கும்.

மதில் களையிழப்பதற்குக் காரணம் கறுப்பு. அதை டப்பாவிலிருந்தே எடுத்துவிடுங்கள். கருங்கல்லின் நிறம் அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் சேர்ந்தால் கிடைத்துவிடும். வெயில் படும் கல்லுக்கு சியன்னா தூக்கல், நிழல் பக்கத்துக்கு நீலம் தூக்கல். இரண்டையும் தட்டிலேயே ஒன்றாக்கிவிடாமல், நனைந்த தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவையாகக் கலக்கவிடுங்கள். அல்ட்ராமரைன் துகள்கள் தாளின் குழிகளில் படிந்து கல்லின் சொரசொரப்பைத் தாமே காட்டும். அகழியில் தெரியும் பிம்பத்தில் சுவரின் இருண்ட பகுதி ஒரு படி வெளுப்பாகவும், வெளிச்சப் பகுதி ஒரு படி மங்கலாகவும் இருக்க வேண்டும். இந்த ஒரு படி வித்தியாசம் இல்லாவிட்டால் தண்ணீர் தண்ணீராகத் தெரியாது.

எங்கள் பக்கத்துச் செம்மண்ணை வைத்தே பிள்ளைகளுக்கு வாட்டர்கலர் செய்து கொடுக்க முடியுமா? மஞ்சள்தூள், செம்பருத்திச் சாறு வைத்துப் பார்த்தோம், சீக்கிரம் வெளுத்துவிடுகிறது.
*– ஆசிரியர், குடியாத்தம்*

தாராளமாக முடியும். செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. வெளிச்சத்தில் அது வெளுக்காது. மஞ்சளும் பூச்சாறும் தாவர நிறங்கள், வெயிலில் சிதைந்துவிடும். ஆம்பூர் பக்கம் மலையம்பட்டு அருகே அர்மாமலைக் குகையில் சமண ஓவியங்களின் மிச்சம் இன்றும் இருக்கிறது. நிறம் எவ்வளவு காலம் நிற்கும் என்று பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். நிறம் துலங்கட்டும் என்று யாரும் அதன் மேல் தண்ணீர் தெளித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணை மேட்டு நிலத்தில் எடுங்கள். சாலையோர மண் வேண்டாம். தோல் பதனிடும் கழிவு பாய்ந்த நிலத்து மண்ணைத் தொடவே வேண்டாம், குரோமியம் இருக்கக்கூடும். இரண்டு கை மண்ணைக் காயவைத்து இடித்து, ஒரு வாளி தண்ணீரில் கலக்கி ஒரு நிமிடம் விடுங்கள். மணல் அடியில் போய்விடும். மேலே உள்ள செந்தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு இறுத்துக்கொள்ளுங்கள். இப்படி மூன்று முறை. கடைசியில் கிடைத்ததை இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்தண்ணீரைக் கொட்டி, அடியில் படிந்த வண்டலைத் தட்டில் பரப்பிக் காயவையுங்கள். விரலில் தேய்த்தால் முகப்பவுடர்போல் நழுவ வேண்டும். நறநறவென்றால் இன்னொரு முறை கலக்கி இறுத்தெடுக்க வேண்டியதுதான்.

பிசைவதற்குக் கருவேலம் பிசின். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு பங்கு பிசினுக்கு எடையில் இரண்டு பங்கு வெந்நீர். இரவு ஊறவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நான்கு தேக்கரண்டி பிசின் நீருக்கு ஒரு தேக்கரண்டி தேன், இரண்டு சொட்டு கிராம்பு எண்ணெய். தேன் வெடிப்பைத் தடுக்கும், கிராம்பு எண்ணெய் பூஞ்சையைத் தடுக்கும். இந்தக் கலவையும் மண்தூளும் சம அளவு சேர்த்து, கண்ணாடிப் பலகையில் அடி தட்டையான கண்ணாடி டம்ளரால் கால் மணி நேரமாவது வட்டமாகத் தேயுங்கள். அவசரப்பட்டால் நிறம் திட்டுத்திட்டாக விழும்.

தாளில் பூசிக் காய்ந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள். தூசியாக ஒட்டினால் பிசின் போதவில்லை. மினுமினுத்து வெடித்தால் பிசின் அதிகம். மஞ்சள்தூளையும் செம்மண்ணையும் ஒரே தாளில் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி ஜன்னலில் மூன்று வாரம் வையுங்கள். எது நிலைக்கும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்வார்கள்.

பாலாற்று மணலில் நின்று மலைகளை ஜூம் செய்து எடுத்தால் படம் கலங்கலாக இருக்கிறது. லென்ஸ் கோளாறா?
*– வாசகர், வாணியம்பாடி*

லென்ஸ் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். சூடேறிய மணலுக்கு மேல் காற்று அலைகிறது, ஜூம் கூடக்கூட அந்த அலையும் பெரிதாகத் தெரிகிறது. முக்காலி வைத்தாலும் ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் தீராது. சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் எடுங்கள். சூரியன் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், அப்போதுதான் மணல் வரிகளின் நிழல் விழும். மழை ஓய்ந்த மறுநாள் காலை இன்னும் நல்லது, தூசி அடங்கியிருக்கும். நடுப்பகலில்தான் போக முடியும் என்றால் கறுப்பு வெள்ளையில் அருகிலுள்ள பொருள்களை எடுங்கள். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். நிறத்தின் துணை இல்லாமலே ஒளி எவ்வளவு பேசும் என்பதை அந்தப் படங்களில் பார்க்கலாம்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதைக் கரையில் நின்று பார்த்தேன். செல்போன் படத்தைப் பார்த்து வரைந்தால் அந்தப் பயம் வரவில்லை.
*– வாசகர், ஆற்காடு*

செல்போன் படம் எல்லாவற்றையும் ஒரே தெளிவில் காட்டும். உங்கள் மனதில் தங்கியது இரண்டு மூன்று விஷயங்களாகத்தான் இருக்கும். படத்தை மூடிவைத்துவிட்டு அவற்றை எழுதுங்கள்: தண்ணீர் என்ன நிறம், எது அடித்துக்கொண்டு போனது, நீங்கள் நின்ற இடத்துக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம். பிறகு அஞ்சலட்டை அளவில் நான்கு சிறு வரைவுகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், வெள்ளை, நடுச்சாம்பல், கருமை என மூன்றே சாயல். அதில் ஒன்று உங்களைப் பிடித்து நிறுத்தும். அதையே பெரிதாக்குங்கள். செல்போன் படம் பாலத்தின் தூண்களைச் சரிபார்க்க மட்டும் போதும். அடிவானத்தைத் தாளின் மேல் விளிம்புக்கு ஏற்றினால் தண்ணீர் பார்ப்பவரை நோக்கி வரும். நுரை முழுக்க வெள்ளை அடிக்காதீர்கள், சுத்த வெள்ளை ஒரே இடத்தில் இருக்கட்டும்.

இனி எதைப் பார்த்தாலும் குறித்துவையுங்கள். இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-ஆம் ஆண்டுகளில் மேகங்களை மட்டுமே வரைந்து குவித்தார். பல படங்களின் பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் அவர் கைப்பட எழுதியிருக்கும்.

ஜவ்வாது மலையில் பால்வீதியைப் படமெடுக்க எப்போது போகலாம்?
*– வாசகர், திருப்பத்தூர்*

அமாவாசையை ஒட்டி. பிப்ரவரி கடைசியில் அதிகாலை 3 மணிக்கு மேல் தென்கிழக்கில் பால்வீதியின் அடர்ந்த பகுதி தெரியும். ஏப்ரல் கடைசியில் நள்ளிரவு தாண்டினாலே போதும். அதன் பிறகு தென்மேற்குப் பருவ மேகம் மறைக்க ஆரம்பித்துவிடும்.

எஃப் 2.8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 3200 (ஒளி உணர்திறன்) என்று வைத்துத் தொடங்குங்கள். 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் ஷட்டர் நொடி வரும்: 24 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 20 நொடி. கேமராவில் ஒளியை வாங்கும் சென்சார் சிறியதாக இருந்தால் அதை மறுபடி 1.5-ஆல் வகுங்கள், 13 நொடி. மீறினால் நட்சத்திரம் கோடாக இழுக்கும். ஆட்டோஃபோகஸை அணைத்து, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்புங்கள். காப்புக்காட்டுக்குள் இரவில் நுழையாதீர்கள், ஊர் ஓரமாகவே வானம் போதிய இருட்டு.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்குவதே இந்த இருட்டை நம்பித்தான். அந்தப் பக்கம் டார்ச்சை வானத்தை நோக்கி அடிக்க வேண்டாம். மங்கலான சிவப்பு விளக்கு போதும், உங்கள் கண்ணும் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும். அரைமணிக்கு ஒருமுறை லென்ஸில் பனி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே இறங்கும் முன் கேமராவைப் பையில் மூடிவிட்டு, சமவெளிச் சூடு பையின் உள்ளேயும் வந்த பிறகே திறக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் வெப்பக் காற்று பட்டால் உள்பக்கம் நீர் கோக்கும், பூஞ்சை அங்கேதான் தொடங்கும். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால், மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். அந்த வாணலியில் சமையல் மட்டும் கூடாது.