புற்றுக்காளானை வீட்டில் வளர்க்கலாமா? காளான் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டுப் பல வருஷமாகக் காளான் வளர்க்கிறேன். காட்டிலும் வயலிலும் தானாக முளைப்பதை வீட்டில் வளர்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கைப்பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேலப்பாளையம்: அண்ணாச்சி, காளான் குடையில் இருந்து கொட்டும் விதை மாதிரியான ஸ்போர் தூளில் இருந்து தொடங்குவதா, காளானில் ஒரு துண்டு எடுத்துத் தொடங்குவதா?

துண்டுதான். மாங்கொட்டையைப் போட்டால் தாய்மரத்துப் பழமே வரும் என்று சொல்ல முடியாது. வாழைக்கன்றை வைத்தால் அதே வாழைதான் வரும். ஸ்போர் மாங்கொட்டை மாதிரி. சிப்பிக்காளானில் ஒற்றை ஸ்போர் முளைத்து வரும் இழை தனியாகக் காய்க்காது. ஒத்துப்போகும் இன்னொன்றோடு சேர வேண்டும். சேர்ந்த பிறகும் ஒவ்வொன்றும் ஒரு குணம். துண்டில் இருந்து வருவது தாயின் அச்சு.

உங்கள் ஊரில் நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சாத வீடு குறைவு. துண்டை வைத்து வளர்க்கும் கூழுக்கும் அதே கடல்பாசிதான். 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த தண்ணீரை ஒரு லிட்டர் ஆக்கி, 20 கிராம் குளுக்கோஸ், 20 கிராம் கடல்பாசி போட்டுக் கரையும்வரை காய்ச்சுங்கள். சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் கால்பங்கு ஊற்றிப் பஞ்சால் அடைத்து, குக்கரில் அரை மணி நேரம் ஆவியில் வைத்து, சாய்த்து ஆறவிடுங்கள்.

பிறகு மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். விரியாத இளங்காளானாக எடுத்து, மேலே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, கையால் இரண்டாகக் கிழியுங்கள். கத்தியால் அறுத்தால் மேல்தோலில் இருக்கும் கிருமியை உள்ளே இழுத்துவிடும். தண்டும் குடையும் சேரும் இடத்தின் உட்சதையில் அரிசி அளவு கிள்ளி, நெருப்பில் காட்டி ஆறிய ஊசியால் பாட்டிலுக்குள் வையுங்கள். நான்கைந்து நாளில் வெள்ளை இழை கிளம்பும். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு எது தெரிந்தாலும் அந்தப் பாட்டிலைத் திறக்காமலே மறுபடி குக்கரில் அவித்துக் கொட்டுங்கள்.

இழை சுத்தமாகப் படர்ந்ததும் அரைவேக்காட்டுச் சோளத்துக்கு மாற்ற வேண்டும். ஈரம் உலர்த்திய சோளம் ஒரு கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் கலந்து, குக்கரில் ஒன்றரை மணி நேரமாவது வைத்து ஆறவிடுங்கள். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேறு பொருள், அதைப் போடாதீர்கள். இழை படர்ந்த சோளம்தான் தாய்வித்து.

வள்ளியூர்: நம்ம வெயிலுக்கு எந்தக் காட்டுக்காளான் ஒத்துவரும்?

பால்காளான். இது மேற்கு வங்கத்தில் காட்டிலிருந்து எடுக்கப்பட்டு 1974-இல் பெயர் பெற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏபிகே 2 என்ற ரகமாக வெளியிட்டது. 30 முதல் 35 டிகிரி வெப்பம் இதற்குச் சுகம். அவித்த வைக்கோலைக் கையால் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். அதைத் தாய்வித்தோடு பையில் அடைத்து, இழை முழுக்கப் படர்ந்ததும் பையைக் குறுக்கே வெட்டி, அவித்து ஆறிய மண்ணை மேலே விரலிடை உயரம் பரப்புங்கள். மேல்மண் இல்லாமல் பால்காளான் மொட்டு விடாது.

சேரன்மகாதேவி: பிசான அறுப்பு முடிந்து போட்ட வைக்கோல் போரில், மழைக்குப் பிறகு சாம்பல் நிறக் காளான் வருகிறது. அதை எடுத்து வளர்க்கலாமா?

வைக்கோல் காளானாக இருந்தால் வளர்க்கலாம். இருந்தால் என்பதுதான் முக்கியம். அதன் அடியில் ஒரு பை இருக்கும். ஆளைக் கொல்லும் அமானிட்டா காளானுக்கும் அடியில் அதே மாதிரி பை உண்டு. விரிந்த குடையின் தண்டை நறுக்கி, வெள்ளைத்தாள் பாதி கறுப்புத்தாள் பாதியாக ஒட்டிய தாளில் குப்புற வைத்து, டம்ளரால் மூடி இரவு முழுக்க விடுங்கள். வைக்கோல் காளான் என்றால் இளஞ்சிவப்பாகப் பொடி கொட்டியிருக்கும். அமானிட்டா வெள்ளையாகக் கொட்டும். வெள்ளை என்றால் அதைத் தொடவே வேண்டாம். இளஞ்சிவப்பு விழுந்தாலும் அது மட்டும் போதாது, அறிந்தவர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இதன் தாய்வித்தை ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துப்போகும். பறித்த காளானும் குளிரில் கசிந்து கூழாகிவிடும். முட்டைப் பருவத்தில் பறித்து அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

தென்காசி: சாரல் விழுந்ததும் புல்லில் பெரிய வெள்ளைக் குடைகள். படம் அனுப்பியிருக்கிறேன். வளர்க்கலாமா, அண்ணாச்சி?

படத்தைப் பார்த்து எந்தக் காளானுக்கும் நான் சரி சொல்வதில்லை. புல்தரையில் வரும் பெரிய வெள்ளைக் குடைகளில் பச்சையாகப் பொடி கொட்டும் ஒன்று உண்டு. அதைத் தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆளைச் சாய்த்துவிடும். வளர்ப்பது அப்புறம், முதலில் அடையாளம்.

அம்பாசமுத்திரம்: குழம்பில் வெள்ளிக்காசு போட்டு, கறுக்காவிட்டால் விஷமில்லை என்று ஆச்சி சொல்வார்கள்.

தங்கச்சி, ஆச்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தச் சோதனை பொய். வெள்ளிக்காசு, மஞ்சள், பூண்டு, புழு அரித்தது, ஆடு மேய்ந்தது, எதுவுமே விஷத்தைக் காட்டாது. அமானிட்டாவின் விஷம் கொதித்தாலும் போகாது. தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி வந்து, ஒருநாள் தெளிந்த மாதிரி இருக்கும். அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். தெளிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

களக்காடு: புற்றுக்காளானுக்கு ஈடான ருசி எதிலும் இல்லை. அதன் துண்டை எடுத்து வளர்க்க வழி சொல்லுங்கள்.

ருசியில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது கறையானின் பயிர். நம்ம பக்கம் செல்லு என்கிறோமே, அதுதான். செல்லு மென்று போட்ட தழைச்சக்கையில் புற்றுக்குள் தேன்கூடு மாதிரி ஓர் அடுக்கு இருக்கும். அதில்தான் இந்தப் பூஞ்சை வாழ்கிறது. காளானைத் தோண்டினால் நீண்ட வேர் ஒன்று அந்த அடுக்குவரை போவதைப் பார்க்கலாம். துண்டெடுத்துக் கடல்பாசியில் வைத்தால் இழை மெதுவாக வளரும். ஆனால் வீட்டுப் பையில் குடை வராது.

நாங்குநேரி: அப்படிச் சொல்லாதீர்கள். புற்றுமண்ணை அள்ளிவந்து தொட்டியில் போட்டேன், காளான் வந்ததே!

நிறம் என்ன?

நாங்குநேரி: கறுப்பாக, விரல் மாதிரி, நுனி வெளுத்து.

அது ஸைலேரியா, வேறு பூஞ்சை. செல்லு இருக்கும்வரை அதைத் தலைதூக்க விடாது. செல்லு போனதும் அது அடுக்கை மூடிவிடும். உங்கள் தொட்டியே சாட்சி. செல்லு இல்லாத இடத்தில் புற்றுக்காளான் தோற்றுவிடுகிறது. தொட்டியில் வந்த கறுப்புக் காளானைத் தின்னாதீர்கள்.

களக்காடு: அப்படியானால் எங்கள் விளையில் வருஷா வருஷம் அதே இடத்தில் வருவது எப்படி? வேரோடு பிடுங்கக் கூடாது, நறுக்கத்தான் வேண்டும் என்பார் தாத்தா.

நாங்குநேரி: நாங்கள் பிடுங்கித்தான் எடுக்கிறோம், வரத்தான் செய்கிறது.

இரண்டு பேரும் காளானைப் பார்க்கிறீர்கள், புற்றைப் பாருங்கள். கீழே கூட்டம் உயிரோடு இருப்பதால்தான் அதே இடத்தில் வருகிறது. நறுக்கினாலும் பிடுங்கினாலும் அடுக்கு கீழே பத்திரமாக இருக்கும். புற்றை இடித்தால், மருந்து ஊற்றினால், மண்வெட்டியால் அடுக்கைக் கிளறினால் போயிற்று. விளையில் அந்தப் புற்றுக்கு இரண்டு முழம் சுற்றி உழாமல் விடுங்கள். புற்றுக்காளானுக்கு நம்மால் செய்ய முடிந்த விவசாயம் அதுதான். முண்டந்துறைக் காட்டுக்குள் போய்ப் பறிக்கும் எண்ணம் வேண்டாம், அது புலிகள் காப்பகம்.

நாங்குநேரி: சரி, ஆனால் செல்லு தென்னங்கன்றைத் தின்றுவிடுமே?

நியாயமான கவலை. கன்றுக்குப் பக்கத்துப் புற்றை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வரப்போரத்துப் புற்றையாவது விட்டுவைக்கலாமே என்பதுதான் என் வேண்டுகோள்.

பேட்டை: வித்து எங்கே கிடைக்கும்?

வேளாண் கல்லூரியில் கேளுங்கள். கிள்ளிகுளம் பக்கம்தான்.

ஆலங்குளம்: மொட்டுக்காளானைக் காற்றோட்டமான அறையில் வளர்க்கலாமா?

காற்று மட்டும் போதாது. அது மொட்டு விட 18 டிகிரிக்குக் கீழே வேண்டும். கரண்ட் பில்லுக்கே காசு போய்விடும். வேண்டாம்.

திசையன்விளை: தாய்வித்து எங்கே வாங்கலாம்?

பேட்டைக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

கடையநல்லூர்: சிப்பிக்காளான் கொட்டகையில் நின்றால் இருமல் வருகிறது.

ஸ்போர் தூள்தான். குடை ஓரம் மேலே சுருளும் முன்பே பறியுங்கள். உள்ளே போகும்போது முகக்கவசம் போடுங்கள். மூச்சு வாங்கினால் டாக்டரைப் பாருங்கள்.

திருநெல்வேலி டவுன்: பையில் பாதி பச்சையாகிவிட்டது. மீதிப் பாதியில் காளான் வந்திருக்கிறது, சாப்பிடலாமா?

சாப்பிட வேண்டாம். பையைக் கொட்டகைக்குள் திறக்காதீர்கள், பச்சைப்பொடி மற்ற பைகளுக்கும் பரவும். வாயைக் கட்டி வெளியே தூரமாகக் கொண்டுபோய்ப் புதையுங்கள். அடுத்த முறை வைக்கோலைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு மணி நேரம் முழுசாக வையுங்கள். வித்து போடும் அன்று வீட்டைக் கூட்டாதீர்கள்.