எட்டியோஸா, ஃபிகோவா? டர்பனில் 90,000 ராண்டுக்குப் பழைய கார்

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து வேலை விசாவில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வீடு சாட்ஸ்வர்த்தில், அலுவலகம் அம்லாங்காவில். மனைவி, மூன்று வயது மகள். கையில் 90,000 ராண்ட் இருக்கிறது, கடன் வாங்க விருப்பமில்லை. இரண்டு கார்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஃபீனிக்ஸில் ஒருவர் வீட்டில் 2014 டொயோட்டா எட்டியோஸ், 1.68 லட்சம் கிலோமீட்டர் ஓடியது, 86,000 கேட்கிறார். பைன்டவுனில் ஒரு டீலரிடம் 2013 ஃபோர்டு ஃபிகோ 1.4, 92,000 கிலோமீட்டர், 79,900. எதை வாங்கலாம்? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: இரண்டுமே தப்பான தேர்வு இல்லை. ஆனால் 86,000 கொடுத்து எட்டியோஸை ஓட்டி வந்தால் உங்கள் கையில் மிஞ்சுவது 4,000. எனக்குக் கவலை அதில்தான். பழைய கார் வாங்கிய முதல் இரண்டு மாதத்தில் செலவு வைக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு டயர், ஒரு பேட்டரி, பிரேக் பேட், ஆயில், கூலன்ட் என்று ஏதாவது வரும். பன்னிரண்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை முதலிலேயே ஒதுக்கிவிட்டால் உங்கள் உண்மையான பட்ஜெட் 75,000 பக்கம்தான். பேரத்தை அந்தக் கணக்கில் தொடங்குங்கள்.

மாடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே இந்த விலையில் ஓடும் கார்களில் பல நம்மூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவை. ஃபிகோ மறைமலைநகர், ஹூண்டாய் ஐ10 இருங்காட்டுக்கோட்டை, டாட்சன் கோவும் ரெனோ குவிட்டும் ஒரகடம், எட்டியோஸ் பெங்களூருக்குப் பக்கத்துப் பிடதி. ஊர்ப்பாசத்தில் ஆயிரம் ராண்ட் கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். எட்டியோஸின் 1.5 எஞ்சினில் டைமிங் செயின், அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் சங்கிலி, இருக்கிறது. எண்ணெய் ஒழுங்காக மாற்றிய வண்டிக்கு 1.68 லட்சம் பெரிய தூரம் இல்லை. ஃபிகோ 1.4இல் அதே வேலைக்கு இருப்பது ரப்பரில் செய்த டைமிங் பெல்ட். பத்து வருடம் தாண்டிய ரப்பர் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் குறைவு என்பது சமாதானம் ஆகாது. மாற்றியதற்கு ரசீது இல்லையா, மாற்றவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினையே திறக்க வேண்டிவரும்.

குடும்பத்தோடு போகும் கார் என்பதால் இன்னொன்று. 2017இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இங்கே விற்கும் மலிவு கார்களை மோதிப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் எட்டியோஸ் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், ஃபோக்ஸ்வேகன் போலோ விவோ மூன்று, டாட்சன் கோ பிளஸ் ஒன்று வாங்கின. சோதித்த எட்டியோஸில் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் இருந்தது. நீங்கள் பார்த்த இரண்டு கார்களிலும் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, இனி காகிதம். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே இதைக் கேளுங்கள். காசு செலவில்லை, பல கார்கள் இங்கேயே கழிந்துவிடும். காரின் பதிவுச் சான்றிதழான ஆர்சி1இன் அசலைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஓனர், டைட்டில் ஹோல்டர் என்று இரண்டு இடம் உண்டு. டைட்டில் ஹோல்டர் இடத்தில் வங்கி பெயர் இருந்தால் கார் இன்னும் கடனில் இருக்கிறது. அப்போது விற்பவரின் பேச்சை நம்பிப் பணம் கொடுக்காமல், மிச்சக் கடன் எவ்வளவு என்று சொல்லும் செட்டில்மென்ட் கடிதத்தை வங்கியிடமிருந்து வாங்கச் சொல்லி, அந்தத் தொகையை நேராக வங்கிக்கே செலுத்துங்கள். விற்பவரின் அடையாள அட்டையும் ஆர்சி1இல் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "மச்சானுடைய கார், அவர் கேப்டவுனில் இருக்கிறார்" என்றால் மச்சான் வரட்டும்.

அடுத்து, 17 இலக்க சேசிஸ் நம்பர். காரின் உடம்பில் பொறித்தது, கண்ணாடியில் ஒட்டிய லைசென்ஸ் டிஸ்க் (வருட லைசென்ஸ் கட்டணம் கட்டியதற்கான வில்லை), ஆர்சி1 மூன்றிலும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். டிஸ்க் காலாவதி ஆகியிருந்தால் பாக்கியும் அபராதமும் எவ்வளவு என்று கேட்டு விலையில் கழியுங்கள். ஆர்சி1இல் கோட் 2 என்றால் பழைய கார், கோட் 3 என்றால் உடைந்து திரும்பக் கட்டியது. கோட் 3ஐத் தொடவே வேண்டாம். காப்பீடும் கஷ்டம், திரும்ப விற்பதும் கஷ்டம். ஆனால் கோட் 2 என்று இருப்பதாலேயே நிம்மதி அடைந்துவிட முடியாது. காப்பீட்டு நிறுவனம் 'சரிசெய்யக் கட்டுப்படியாகாது' என்று கைகழுவிய கார்கள் ஏலத்தில் போய், யாரோ ஒருவர் தட்டி நிமிர்த்தி, அதே கோட் 2இல் மறுபடி சந்தைக்கு வருவது இங்கே ரொம்ப காலமாக நடக்கிறது. தென்னாப்பிரிக்கக் காப்பீட்டுச் சங்கம் அப்படிப்பட்ட கார்களின் பட்டியலைப் பொதுமக்களும் இணையத்தில் தேடிப் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறது. சேசிஸ் நம்பரை அங்கே போட்டுப் பாருங்கள். கூடவே கடன் விவரம் வைத்திருக்கும் ட்ரான்ஸ்யூனியன் போன்ற நிறுவனத்தில் கட்டண அறிக்கை ஒன்றும் எடுங்கள். கடன், திருட்டுப் புகார் இரண்டும் அதில் தெரியும்.

டர்பனில் கார் வாங்கும்போது மற்ற ஊர்களைவிட ஒரு கண் அதிகம் வேண்டும், தண்ணீருக்காக. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையே மூழ்கி மாதக்கணக்கில் நின்றது. அந்த நாட்களில் தெருவிலும் கராஜிலும் மூழ்கிய கார்கள் எத்தனையோ. வெளியே பாலிஷ் போட்டால் எதுவும் தெரியாது. ஓட்டுநர் சீட் பெல்ட்டை, சுருளிலிருந்து இனி வராது என்னும் வரை முழுதாக இழுங்கள். தினமும் வெளியே இருக்கும் பகுதி ஒரு நிறம், உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி அரை மீட்டர் மண் பூத்த பழுப்பு நிறம் என்றால் தண்ணீர் அந்த உயரம் வந்திருக்கிறது. அப்புறம் சீட்டை முன்னே தள்ளி, சீட் நகரும் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். வீட்டுக்குள் இருக்கிற மாதிரியான இடம் அது. அங்கே துரு வரக் காரணமே இல்லை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் கையால் தடவுங்கள், வண்டல் இருக்கிறதா என்று. உள்ளே ஏறியதும் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் எதை மறைக்க என்று யோசியுங்கள்.

உப்புக்காற்று அடுத்த பிரச்சினை. பிளஃப், மெர்பேங்க், அமான்சிம்டோட்டி பக்கம் வெளியே நின்றே வளர்ந்த கார் என்றால் கதவுகளின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, பிரேக் பைப் மூன்றையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேலே பூத்த துரு பரவாயில்லை. விரலால் அழுத்தினால் உதிர்கிற துரு என்றால் அடுத்த காரைப் பாருங்கள்.

எட்டியோஸுக்கு மட்டும் ஒரு தனிக் கேள்வி உண்டு: ஊபர், போல்ட் என்ற ஆப் டாக்ஸியாக ஓடிய காரா? டாக்ஸிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த கார் அது. நேராகக் கேட்டால் இல்லை என்பார்கள். பின்சீட்டைப் பாருங்கள். குடும்பக் காரில் ஓட்டுநர் சீட்தான் முதலில் தேயும். டாக்ஸியில் பின்பக்க இடது இருக்கையும் அந்தக் கதவின் கைப்பிடியும் சேர்ந்து தேய்ந்திருக்கும், முன்கண்ணாடியில் போன் ஸ்டாண்ட் ஒட்டிய வட்டத் தடம் இருக்கும். டாக்ஸி ஓடியது குற்றமில்லை, டாக்ஸி விலைக்குக் கொடுத்தால் வாங்கலாம். கிலோமீட்டரும் அப்படித்தான்: 92,000 என்று காட்டும் ஃபிகோவில் ஸ்டீயரிங் வழவழத்து, கிளட்ச் பெடல் ரப்பர் மொட்டையாகி இருந்தால் அந்த 92,000ஐ நம்ப வேண்டாம். சர்வீஸ் புத்தகத்தில் தேதியும் கிலோமீட்டரும் சேர்ந்து ஏறுகிறதா என்று பாருங்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கேட்க வேண்டும். "காலை ஏழு மணிக்கு வருகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ ஓட்டிப் பார்த்துச் சரிக்கட்டியிருக்கிறார். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியாமலே இருக்கும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிட மோசம், பல்பையே யாரோ பிடுங்கியிருக்கலாம். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல் இனிப்பு வாடை வந்தால் கூலன்ட் எஞ்சினுக்குள் போகிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பிசுக்கு இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஓட்டிப் பார்க்கச் சமதளத்தில் ஒரு சுற்று போதாது. பைன்டவுனிலிருந்து க்ளூஃப் ஏறும் எம்13 சாலையின் ஃபீல்ட்ஸ் ஹில் இதற்கென்றே இருக்கிறது. ஏசியைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுங்கள். வெப்பமானி முள் நகரக் கூடாது, முள் இல்லாத காரில் சிவப்பு விளக்கு வரக் கூடாது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் மட்டும் கத்தி வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் முடிந்தது. இறங்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறதா என்பதும் தெரியும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய டயரை நம்பி என்2 நெடுஞ்சாலையில் மழையில் போகாதீர்கள்.

டீலரா, தனியாளா என்ற கேள்விக்கு வருகிறேன். டீலரிடம் வாங்கினால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். ஆறு மாதத்துக்குள் வாங்கும்போதே இருந்த குறை வெளிப்பட்டால், பழுது பார், மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பு என்று கேட்கும் உரிமை உண்டு; சாதாரணத் தேய்மானம் இதில் சேராது. டீலர் மழுப்பினால் முதலில் எழுத்தில் புகார், பிறகு மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளர். பில்லில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று எழுதி, உள்ளது உள்ளபடி வாங்கினீர்கள் என்று டீலர் கைகழுவ முடியாது. தனியாளிடம் வாங்கினால் அந்தச் சொல் செல்லும். தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் மட்டும் வழி உண்டு, அதற்கு வக்கீல் செலவு காரைவிட அதிகமாகலாம். அதனால்தான் அதே கார் தனியாளிடம் மலிவாக இருக்க வேண்டும்.

எட்டியோஸ்காரர் 76,000 பக்கம் இறங்கி, மேலே சொன்னதில் எதுவும் இடறாவிட்டால் எட்டியோஸை வாங்குங்கள். எஞ்சின் அதில்தான் நல்லது. இறங்காவிட்டால் ஃபிகோ, ஆனால் டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் டீலர் செலவில் மாற்றித் தருவதாக விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு. 79,900க்கு மேல் பதிவு, காகித வேலைக்காக 'ஆன் தி ரோட்' கட்டணம் என்று இன்னொன்று வரும். மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். எதுவானாலும், முடிவு செய்த காரை மட்டும் டெக்ரா என்ற வாகனச் சோதனை நிலையத்திலோ, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடமோ ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். "ரோட்வொர்த்தி இருக்கிறதே, அது எதற்கு?" என்பார்கள். ரோட்வொர்த்தி என்ற சாலைத் தகுதிச் சான்றிதழுக்கான சோதனை பிரேக், விளக்கு, டயர், ஸ்டீயரிங் பார்க்கும். எஞ்சின் அடுத்த வருடம் இருக்குமா என்று பார்க்காது. அந்தச் சான்றிதழும் 60 நாள்தான் செல்லும். சோதனை நிலையத்தை நீங்களே தேர்ந்தெடுப்பது நல்லது.

நீங்கள் விசாவில் இருப்பதால் ஒன்றை இந்த வாரமே தொடங்குங்கள். தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர்கள் பெயரில் காரைப் பதிய 'டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர்' வேண்டும். பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்றோடு லைசென்சிங் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கையில் வர நாளாகும். கார் வாங்கி 21 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றியாக வேண்டும் என்பதால், எண் இல்லாமல் காரை வாங்கினால் அபராதத்தில் மாட்டுவீர்கள்.

பணத்தை ரொக்கமாக எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்கும் போகாதீர்கள். கார் பார்ப்பதற்கு முன்பே முன்பணம் கேட்பவரை விட்டுவிடுங்கள். இருவரும் வங்கிக் கிளைக்குள் உட்கார்ந்து அனுப்பி, அவர் கணக்கில் ஏறியதைப் பார்த்த கையோடு ஆர்சி1, கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவம், இரண்டு சாவியும் வாங்குங்கள். ஒரு சாவிதான் என்றால் இன்னொன்று செய்யும் செலவை விலையில் கழிக்கலாம்.

காப்பீட்டுக்குக் கார் வாங்குவதற்கு முன்பே விலை கேட்டு வையுங்கள். இங்கே வாகனக் காப்பீடு கட்டாயமில்லை. பெட்ரோல் விலையிலேயே பிடிக்கும் வரியில் நடக்கும் சாலை விபத்து நிதியம் ஆளுக்கு அடிபட்டால் இழப்பீடு தரும், தகரத்துக்குத் தராது. எதிரே இடிப்பவரிடம் காப்பீடு இல்லாமலிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முழுக் காப்பீடு கட்டுப்படியாகாவிட்டால் மூன்றாம் நபர், தீ, திருட்டுக்காவது எடுத்துக்கொண்டுதான் காரைத் தெருவில் இறக்குங்கள்.